பதினாறு அறைகள்

ட்ரோன் பெட்டியின் மூடியில் ரூபேஷ் மூன்று தட்டுத் தட்டுகிறார். தாத்தா காலத்தில் சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டான கேஜில் ஆள் ஏறியதும் அடித்த மணி அப்படித்தானாம். தாத்தா தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கினார், பேரன் ட்ரோனை மேலே அனுப்புகிறார். நூறடிக்கு ஒரு லெவல் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. "மூணாவது லெவல்ல நிறுத்தினாதான் சார் சரித்திரம் தெரியும். தரையில நிக்கிறவனுக்கு இன்னா தெரியும்? முள்ளுச் செடி தெரியும்."

வயது முப்பத்தாறு. நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்புக்காரர். போன வருடம் வரை கல்யாணங்களை மேலிருந்து படம் எடுத்தார். இப்போது அவர் அட்டையில் மூன்று மொழியில் 'வான்வழித் தொல்லியல் ஆய்வாளர்'. பட்டம் கொடுத்தது அச்சகம். "கல்யாணத்துக்குப் பறக்க வுட்டா பிரியாணியாவது போடுவாங்க" என்கிறார் மனைவி மமதா. மேலிருந்து மூன்று கல் தெரிந்தால் ரூபேஷுக்கு அது கல்வட்டம். நான்காவதும் தெரிந்தால் கோட்டை.

பக்கத்து ஊரிகத்தில் முட்புதருக்குள் அவர் கண்டுபிடித்தது, எதிரெதிரே எட்டெட்டாகப் பதினாறு சிறிய அறைகளின் அடித்தளம். நடுவே ஒரு கால்வாய். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய பொற்கொல்லர் கூடம் என்று அறிவித்தார். கால்வாயில் தங்கமண்ணைக் கழுவினார்களாம். எப்போது போனாலும் அதிலிருந்து ஒரு சிட்டிகை மண் எடுத்து நாக்கு நுனியில் வைப்பார். "லேசா ஒரு உப்பு. அது தங்கத்தோட ருசி." தங்கத்துக்கு ருசி உண்டா என்று கேட்டேன். "நாலு தலைமுறையா தங்கம் எடுத்த ரத்தம் சார்" என்றார். உள்ளூர்ப் பத்திரிகையிலும் அதையே சொன்னார்.

அதைப் படித்துவிட்டுப் பெங்களூரிலிருந்து தொல்லியல் துறை ஆய்வாளர் ஒருவர் ஞாயிறு காலை வருவதாகச் சொன்னார். அவர் ஒப்புக்கொண்டால் அறிவிப்புப் பலகையில் 'கண்டறிந்தவர்: ரூபேஷ்' என்று ஒரு வரி வரும். அந்த வரிக்காக ஆவணி முகூர்த்தம் அத்தனையையும் ரூபேஷ் விட்டிருந்தார்.

கார் வரப் பத்து நிமிடம் இருந்தது. குறுக்குவழியில் பூசைக்குப் போன ஜெயசீலி நின்று, ரூபேஷின் ஃபோன் திரையை எட்டிப் பார்த்தார். அறுபது தாண்டியவர். முன்பு அங்கிருந்த சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் பிறந்தவர்.

"இன்னாப்பா, எங்க லைன் கக்கூஸப் போயி படம் புடிச்சிகினு கீறே?"

ரூபேஷ் சிரித்தார். "அக்கா, இது ரெண்டாயிரம் வருசம்."

"எண்பத்தி நாலுல இடிச்சாங்க. இந்தாண்ட எட்டு பொம்பளைங்களுக்கு, அந்தாண்ட எட்டு ஆம்பளைங்களுக்கு. ஒண்ணுத்துக்கும் தாப்பா கெடயாது. உள்ள போனா பாடிக்கினே இருக்கணும்."

"அப்போ நடுவுல கால்வாய்?"

"அதுல இன்னா, பாலா ஓடிச்சு?"

ரூபேஷ் நாக்கால் உள்கன்னத்தை ஒருமுறை துழாவினார். பிறகு, "பூசைக்கு நேரமாச்சு, போங்கக்கா" என்றார்.

"இன்னும் அரை மணி கீது" என்று ஜெயசீலி குடையை ஊன்றி நின்றார்.

கார் வந்தது. ஆய்வாளர் இளம்பெண். கையில் அந்தப் பத்திரிகை. கன்னடச் சாயல் தமிழில், "மண்ணு ருசியிலேயே கண்டுபிடிச்சீங்களாமே, எப்படி?" என்று கேட்டார்.

ரூபேஷ் ஜெயசீலியைப் பார்த்தார். ஜெயசீலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ரூபேஷ் கால்வாய் ஓரம் குந்தினார். ஒரு சிட்டிகை எடுத்தார், வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே. கண்ணை மூடி நாக்கில் வைத்துக்கொண்டார்.