பரணி அண்ணன் செய்யும் கேட்

இன்று திருமுடிவாக்கத்தில் பரணி அண்ணனை அவர் பட்டறையில் சந்தித்தேன். ஜன்னல் கம்பிக்கு அளவு கொடுக்கப் போனவன் பாதி நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வந்த வேகத்தில் தட்டுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் இரும்பு கேட் செய்பவர். முடிச்சூரில் நெல் விளைத்த குடும்பம். நிலமெல்லாம் இப்போது பிளாட். அந்த வீட்டு ஆண்கள் நாற்பதைத் தாண்டுவதே அபூர்வம். பெரியப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும், வாசல் சரியில்லை என்று தெற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றினார்கள். அப்பா போனதும் வடக்குக்கு. அந்த வடக்கு கேட்டைச் செய்தது பரணி அண்ணன்தான்.

"செஞ்சு மாட்டுனேன். அப்பறம் எனக்கே வந்துச்சு பா" என்று சிரித்தார்.

முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பு. பீடி இல்லை, குடி இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், குதிகாலுக்கு மேலே தடித்திருந்த கட்டியை அழுத்திப் பார்த்திருக்கிறார். செருப்புக் காய்ப்பு என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள், அப்பாவுக்கும் இருந்ததாம். அது கொழுப்பு! ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியதும் விஷயம் வெளியே வந்தது. கெட்ட கொழுப்பை உடம்பு சரியாகக் கழிக்காத பிறவிக் கோளாறு, வம்சத்தில் வருவது. கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சீக்கிரமே கண்டுபிடித்தால் மாத்திரையில் கட்டுப்படுத்தலாம்.

தம்பி சக்திவேல் அதற்குள் குரோம்பேட்டையில் தனி வீடு கட்டிப் போயிருந்தார். அண்ணன் நேரில் போய்க் கெஞ்சியிருக்கிறார்.

"அந்த வூட்ட வுட்டே வந்துட்டேன்ல? இன்னும் இன்னாத்துக்கு பயப்படணும்? டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு பேஜார் பண்ணாத."

"வூட்ட வுட்ட, சரி. ஒடம்ப எங்கடா வுட்டுட்டு வந்த?"

தம்பி சிரித்தாராம். போன தை மாதம், பைக்குக்கு ஸ்டாண்டு போடும்போதே சரிந்தவர் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தாறு வயது.

அவருக்கு ஒரு பெண் குழந்தை. ஒன்பது வயது. பாப்பாவுக்காவது ரத்தம் பார்க்கலாம் என்று தம்பி மனைவியிடம் கேட்டதற்குக் கிடைத்த பதில்: "மாமா, உங்க வூட்டு சீக்க எம் பொண்ணு தலையில கட்டாதீங்க. நாளைக்கு இவள எவன் கட்டுவான்?" அதிலிருந்து அண்ணன் போனை அந்த அக்கா எடுப்பதே இல்லை.

எதிரே சிவப்பு பிரைமர் பெயிண்ட் காயாமல் ஒரு கேட் சாய்ந்திருந்தது.

"இது யாருக்குண்ணா?"

"தம்பி பொண்டாட்டிக்குத்தான். அவ அண்ணங்காரன்கிட்ட சொல்லி அனுப்பிச்சிக்கீறா. அங்கயும் வாசல மாத்துறாங்களாம்."

"நீங்க ஏண்ணா செய்றீங்க?"

"நான் செய்யலன்னா வேற எவனாவது செய்வான். ஞாயித்துக்கெழம மாட்டுறதுக்கு நானே போவேன். அப்பயாச்சும் கொழந்தய கண்ணால பாக்கலாம்ல? எம் பேச்ச அவ கேக்கமாட்டா. ஃபேஸ்புக்குல எவனோ எழுதுனா உக்காந்து படிப்பா. நீ எழுது பா. கொழந்த பேரு மட்டும் போடாத."

எழுதிவிட்டேன். குரோம்பேட்டைக்காரர்களே, ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை உங்கள் தெரு குரூப், ஸ்கூல் குரூப் எல்லாவற்றிலும் போடுங்கள்.

அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால்: கேட் நன்றாகத்தான் வந்திருக்கிறது. அவர் அதை மாட்டி முடித்ததும், பாப்பாவை அவரோடு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவையுங்கள்.