அம்மாவின் வாய்க்கால் பங்கு

பாப்பாமோட்டையில் அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு இருந்த வயலில் கீழ்ப்பக்க இரண்டு ஏக்கர் அம்மாவுக்கென்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். போரில் இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலம் அது. காடு மூடிக் கிடந்த அந்தத் துண்டை அம்மாதான் தனி ஆளாக வெட்டித் துப்புரவாக்கியிருந்தார். "இது உனக்குத்தான் பிள்ளை, உறுதி எழுதித் தாறன்" என்றார் மாமா. நல்ல மனிதர்தான். ஆனால் அதைப் பத்திரமாகப் பதியக் கந்தோர்ப் படியேறச் சொன்னால் மட்டும் அவருக்குக் கால் நோகும். எழுதாமலே போய்ச் சேர்ந்தார்.

அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு அவருடைய ஒரே மகன், என் மச்சான், முழு வயலையும் விற்கப்போவதாகச் சொன்னான். "அப்பா சொன்னது எனக்குத் தெரியாது மாமி." எங்களுக்கு வேறு வயல் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவை இழுத்துக்கொண்டு மன்னாருக்குப் போனேன். வாய்ச்சொல்லை வைத்துக் காணி கேட்பது கஷ்டம் என்று சட்டத்தரணி கையை விரித்தார். வரும் வழியெல்லாம் நான் மச்சானைத் திட்டினேன். அம்மா பஸ் யன்னலால் வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

காலபோக நெல் விதைப்புக்கு முன் வாய்க்கால் துப்புரவு வந்தது. அவரவர் வயலின் அளவுக்கு வாய்க்காலில் பங்கு பிரித்திருக்கும். பங்கை வெட்டாத வயலுக்குத் தண்ணீர் கிடையாது. தண்ணீர் வராத வயலை யார் வாங்குவார்? அதனால் மச்சானும் மண்வெட்டியோடு வந்தான். தன் பங்கை முடித்தபோது அவனுடைய உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன. ஒரு வருடமும் தவறாமல் இறங்கும் அம்மா, அன்று மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி கரையிலேயே நின்றார். கோபமாக்கும் என்று நினைத்தேன்.

"தம்பி, கீழ் ரெண்டு ஏக்கரின்ட பங்கு கிடக்கு. முழு வயலும் உம்மடதெண்டால் அதையும் நீர்தான் வெட்டவேணும்" என்றார் வாய்க்கால் பொறுப்பாளர்.

"அது மாமியின்ட பங்கு" என்றான் மச்சான் எரிச்சலோடு. "அப்பா அவவுக்கெண்டு பிரிச்சுக் குடுத்தது. நானேன் வெட்டுவான்?"

வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள். என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கும் உறைத்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தன் பங்கை வெட்டத் தொடங்கினார். சட்டத்தரணியிடம் ஓடிய என் அவசரத்தை நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனுசியின் பொறுமையில் கால்வாசி எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.

பிறகு ஊர்ப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் இணக்கசபையில் முறையிட்டோம். விசாரித்த அன்று, வாய்க்கால் வெட்டியவர்களில் ஏழு பேர் வந்து கதிரைகளில் உட்கார்ந்தார்கள். அவர்கள் வாய் திறக்கத் தேவைப்படவில்லை. மச்சான் தலையைக் குனிந்தபடி சம்மதித்தான். பிறகு நொத்தாரிசிடம் வந்து உறுதியும் எழுதித் தந்தான். வெளியே வந்ததும் அம்மா அவனுடைய கையைப் பிடித்துத் திருப்பி, கொப்பளம் ஆறிவிட்டதா என்று பார்த்தார்.

அவன் போனபிறகு கேட்டேன்: "இப்ப சந்தோசம்தானே அம்மா, காணி வந்திட்டுது?"

அம்மா உறுதியை மடித்துப் பையில் வைத்தார்.

"காணி வராட்டி கூலிக்குப் போய்ச் சீவிச்சிருப்பன். அண்ணை பொய் சொல்லிப்போட்டுப் போனவர் எண்டு ஆகியிருந்தால், அதைத்தான் தாங்கியிருக்கேலாது."