பேர் மட்டும் சொல்லவில்லை

பூங்குழலி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசினால் கேட்பவர்களுக்குப் பசியெடுக்கும் என்று நசீபா சொல்வதுண்டு. மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த ஆலத்தூர் நாட்டின் அரசுப் பள்ளி ஒன்றில் சத்துணவு ஆக்கிப் போடுகிறவள் பூங்குழலி. எந்தப் புத்தகத்தைப் படித்தாலும் அது அவளிடமிருந்து அடுப்பு வழியாகத்தான் வெளியே வரும்.

நசீபா மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரி. புருஷன் மிளகும் கிராம்பும் வாங்கி விற்கிறவர். ஊரடங்குக் காலத்தில் பொழுது போகாமல் அவள் தொடங்கிய வாட்ஸ்அப் குழு, ஊரடங்கு போன பிறகும் போகவில்லை. மலைமேலும் கீழுமாக அறுபது, எழுபது பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் படித்த புத்தகத்தைப் பற்றிக் குரலில் பேசிப் போடுவார்கள். அந்தக் குழுவில் யாருக்கும் எந்தப் புத்தகமும் சுமாராக இருந்ததே இல்லை. நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் தனபாலுக்குக் கதையில் ஒரு குதிரை வந்தால் போதும், உடம்பெல்லாம் சிலிர்த்துவிடும். சேந்தமங்கலத்துப் பல் டாக்டர் ஒருவர் பறவைகளைப் பற்றிய புத்தகமொன்றை நான்கு வாரம் விடாமல் புகழ்ந்தார்.

ஆனால் எல்லாரும் காத்திருந்தது பூங்குழலியின் குரலுக்குத்தான்.

"கொலை பண்ணுனவன் யாருன்னு தெரியறதுக்குள்ள பருப்பு அடி பிடிச்சுப் போச்சுங்க. புள்ளைங்ககிட்ட இன்னைக்கு வறுத்த பருப்புச் சாம்பாருன்னு சொல்லிச் சமாளிச்சேன்" என்பாள். கப்பல் பயணக் கதை ஒன்றைப் படித்துவிட்டு, "நான் கடலையே பார்த்ததில்லீங்க. மூணு நாளா நடந்தா தரை ஆடுது" என்றாள். வெளிதேசத்துப் பெரிய நாவல் ஒன்றுக்கு, "பேரெல்லாம் மரவள்ளிக் கிழங்காட்டம் நீளமுங்க. ஆனா அந்தக் குளிரு இருக்குது பாருங்க, நம்ம மார்கழிக் குளிரேதான். கம்பளியைப் போத்திக்கிட்டுத்தான் படிச்சேன்" என்றாள். அவள் சொன்ன மறுவாரமே நாலு பேர் அதே புத்தகத்தைத் தேடி நூலகத்துக்குப் போவார்கள்.

அவளுக்குப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தவள் கலைமணி. செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். பூங்குழலியைவிட ஆறேழு வயது இளையவள். நூலகம் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி இருந்ததால் இருவருக்கும் அவளே எடுத்து வைப்பாள். பள்ளி விட்டதும் பூங்குழலி கடைக்கு வந்து உட்கார்ந்தால் கடைசி பஸ்வரை பேச்சு ஓயாது. குழுவில் கலைமணியும் வாராவாரம் பேசுவாள். நன்றாகப் படித்துத்தான் பேசுவாள். பதிலுக்கு ஒன்றிரண்டு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான்.

அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மழை நாளில் கடையில் வேறு யாருமில்லாதபோது, பூங்குழலி தன் புருஷன் செத்த கதையை அவளிடம் சொன்னாள்.

சின்னுசாமி நல்ல உழைப்பாளி. குடித்தால் வேறு ஆள். அவள் இடது கை இன்றைக்கும் முழுதாக நீளாது. ஒரு மாசி மாதம் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒத்தை மூங்கில் ஏணியைச் சாத்தி மிளகு பறிக்கும்போது விழுந்தான். தூக்கிக்கொண்டு வரும்போதே உயிர் இல்லை. ஊரே கூடி அழுதது. மாமியார் ராமாயி தரையில் புரண்டாள். சாயங்காலம் பங்காளி வீட்டிலிருந்து சோறும் ரசமும் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் தொடவில்லை. பூங்குழலி மட்டும் பின்கட்டுக்குப் போய் இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள். இனிமேல் கதவு தட்டுகிற சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம் என்ற நினைப்பில் சோறு அப்படி ருசித்தது. அதன்பிறகு அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் துவைப்பதற்காக, விழுந்த அன்று அவன் போட்டிருந்த சட்டையை எடுத்தாள். பையில் ஒரு பிடி பச்சை மிளகு இருந்தது. அப்போது வந்த அழுகையில் மயங்கி விழுந்தாள். ராமாயிதான் மடியில் தாங்கித் தண்ணீர் தெளித்தாள். அன்றிலிருந்து மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில், ஒரே உலையில் பத்து வருஷம் ஓட்டிவிட்டார்கள்.

"அந்தச் சோத்தைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொன்னதில்ல, கலை. அத்தைக்குத் தெரிஞ்சா தாங்காது" என்றாள் பூங்குழலி.

கலைமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை.

போன வருஷம் ஐப்பசியில் குழுவில் ஒரு நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் புருஷன் இறந்த அன்று மனைவி நிம்மதியாகச் சாப்பிடுவதாக ஓர் இடம். பூங்குழலி அதை இன்னும் படிக்கவில்லை. தனபால் படித்துவிட்டு முதன்முறையாக ஒரு புத்தகத்தின்மேல் கோபப்பட்டார். "புருசன் பொணம் ஊட்டுல கெடக்கறப்ப எவளாவது சோறு திம்பாளுங்களா? எழுதறவங்க வாய்க்கு வந்தபடி எழுதறாங்க" என்று பேசிப் போட்டார். பலர் ஆமாம் போட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மலையில் கனமழை. பூங்குழலியின் ஊரில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. திங்கட்கிழமை காலையில் பள்ளித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனபோதுதான் போன் உயிர் பெற்றது. திறந்தால் கைதட்டலும் சிவப்பு இதயங்களுமாகக் குவிந்து கிடந்தன. எல்லாம் கலைமணியின் பேச்சுக்கு. "இத்தனை நாளில் நம் குழுவில் வந்ததிலேயே சிறந்தது இதுதான்" என்று நசீபா எழுதியிருந்தாள். பல் டாக்டர், கேட்டுவிட்டுத் தூங்க முடியவில்லை என்றிருந்தார்.

பூங்குழலிக்கு வாயெல்லாம் பல். கலைக்கு ஒருவழியாகக் காலம் வந்தது என்று நினைத்துக்கொண்டு, அரிசி களைந்த கையைப் புடவையில் துடைத்து, போனைக் காதில் வைத்தாள்.

"இந்தப் புத்தகம் பொய்யில்லீங்க" என்று கலைமணியின் குரல் தழுதழுத்தது. "எனக்கு ஒரு அக்காவத் தெரியும். இதே மலையில இருக்கறாங்க. அவங்க ஊட்டுக்காரரு சில்வர் ஓக்குல மிளகு பறிக்கறப்ப ஏணியில இருந்து விழுந்து செத்துப்போனாரு. அன்னைக்கு அந்த அக்கா ரெண்டு தரம் சோறு போட்டுத் தின்னாங்க. ரசஞ்சோறு. அத்தனை ருசியா வாழ்க்கையில தின்னதே இல்லைன்னாங்க. நிம்மதியாத் தூங்குனாங்க. இப்பச் சொல்லுங்க, எழுதுனவங்க வாய்க்கு வந்ததையா எழுதியிருக்காங்க?"

அத்தோடு முடிந்தது. சட்டையும் இல்லை, மிளகும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை.

பூங்குழலி அதை இன்னொரு முறை கேட்டாள். ஒருவேளை கடைசியில் ஏதாவது விட்டுப்போயிருக்கும் என்று தோன்றியது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. உள்ளே போய் உலையில் அரிசியைப் போட்டாள். உப்புப் போட்டோமா என்று நினைவில்லாமல் மறுபடியும் போட்டாள். அன்று பிள்ளைகள் சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள்.

பள்ளி விட்டதும் செம்மேட்டுக்குப் போனாள். கலைமணி அவள் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து நின்றாள்.

"பேரு சொல்லலீங்க்கா" என்றாள் முந்திக்கொண்டு. "சத்தியமா உங்க பேரச் சொல்லல."

"மரத்தச் சொன்னே. ஏணியச் சொன்னே. ரசத்தைக்கூட விடல. இந்த மலையில அப்படிச் செத்தவரு எத்தனை பேரு இருக்கறாங்க, கலை?"

"அந்தத் தனபாலண்ணன் அப்படிப் பேசவும் எனக்கு ஆத்திரம் தாங்கலீங்க்கா. அது அத்தனை நல்ல புத்தகம். பொய்யின்னு சொன்னா எப்படி உடறது? இப்ப அழிச்சுப்போட்டேன்."

"எல்லாரும் கேட்டாச்சு."

"நல்லாத்தானேங்க்கா சொன்னேன்? எல்லாரும் அந்த அக்காவ நினைச்சு அழுதாங்க."

"நான் அழுததை ஏன் சொல்லல? அதையும் உங்கிட்டத்தானே சொன்னேன்?"

கலைமணி மேசையிலிருந்த காகிதங்களைத் தட்டி அடுக்கினாள். "அதச் சொன்னா பேச்சு எடுபடாதுன்னு தோணுச்சு" என்றாள். பிறகு அழத் தொடங்கினாள். "உங்களுக்கென்னங்க்கா, நீங்க உப்புப் புளின்னு பேசுனாலே ஊரே கொண்டாடும். நான் இத்தனை வருசமாப் பேசறேன். ஒருத்தரு கேட்டிருப்பாங்களா?"

அடுத்துப் படிப்பதற்காகப் பூங்குழலிக்கென்று எடுத்து வைத்திருந்த அதே நாவல் மேசை ஓரத்தில் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளாமல் அவள் இறங்கிப் போனாள்.

தனபாலின் வீடும் ராமாயியின் மகள் வீடும் பெரக்கரை நாட்டில் ஒரே ஊர். சேதி போக அதிக நாள் ஆகவில்லை. புதன்கிழமை மகள் வந்து, யார் போனிலோ பிடித்து வைத்திருந்த அந்தக் குரலை ராமாயிக்குப் போட்டுக் காட்டினாள். பூங்குழலி பள்ளியிலிருந்து வந்தபோது கிழவி துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மூணாம் நாளு நான் அழுதது உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்கதானே என்னை மடியில போட்டிருந்தீங்க?"

"தெரியும் கண்ணு" என்றாள் ராமாயி. குரலில் கோபமே இல்லை. "எம்பையன் உன்னை என்ன பாடு படுத்துனான்னும் தெரியும். உம்மேல குத்தஞ் சொல்ல எனக்கு வாயில்ல. ஆனா நான் அவனுக்காவப் பட்டினி கெடந்த நேரத்துல நீ தின்னுக்கிட்டு இருந்திருக்கறே. இனி உங்கையால சோறு வாங்குனா எனக்கு அந்த நெனப்புத்தான் வரும். எறங்காது சாமி."

மகள் மூட்டையைத் தூக்கிக்கொள்ள, இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். பூங்குழலி இருவர் அளவுக்கு அரிசி களைந்து வைத்துவிட்டாள் என்பது உலை கொதித்த பிறகுதான் தெரிந்தது.

குழுவிலிருந்து விலகிவிட்டாள். கலைமணி இரண்டு முறை ஊருக்கே வந்தாள். முதல் தடவை பூங்குழலி வீட்டில் இல்லை. அடுத்த தடவை இருந்தாள். டீ வைத்துக் கொடுத்து, மழையைப் பற்றியும் காய்கறி விலையைப் பற்றியும் பேசி அனுப்பினாள்.

தை மாதத்தில் தானாக நூலகத்துக்குப் போய் அந்த நாவலை எடுத்து வந்து படித்தாள். மோசமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே படித்தாள். இல்லை, நல்ல புத்தகமாகத்தான் இருந்தது. புத்தகத்தைப் பற்றிக் கலைமணி சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரிதான். அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கசந்தது.

மாதம் ஒருமுறை பெரக்கரைக்குப் போய் ராமாயியைப் பார்க்கிறாள். கிழவி ஆசையாகத்தான் பேசுகிறாள். ஒருமுறை பூங்குழலி தேங்காய்ப்பால் விட்டுத் தினைப் பாயசம் காய்ச்சித் தூக்குப்போசியில் கொண்டுபோனாள். ராமாயி வாங்கி, நன்றி சொல்லி, பேரப்பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தாள். தான் வாயில் வைக்கவில்லை.

விஷயம் தெரிந்தபோது நசீபா பதறிப்போனாள். அதன்பிறகு, குழுவுக்கு வராவிட்டாலும் பரவாயில்லை, படித்துவிட்டுத் தன்னிடம் மட்டுமாவது சொல்லும்படி தனபாலின் பஸ்ஸில் புத்தகங்கள் அனுப்பி வைக்கிறாள். தனபால் பொட்டலத்தை நீட்டும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. போன வாரம் வந்தது ஒரு கிராமத்து மருத்துவச்சியின் கதை. பூங்குழலி இரண்டே நாளில் முடித்தாள். நடுவே இரண்டு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். ஓரிடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றாள்.

மறுநாள் மதியம் நசீபா கூப்பிட்டாள்.

"படிச்சீங்களாக்கா? எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க."

நசீபா காத்திருந்தாள். "அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதானுங்க, நல்லா இருந்துச்சு. புள்ளைங்க தட்டோட வந்து நிக்கறாங்க. வெச்சிடட்டுங்களா?"

போனை மாடத்தில் வைத்துவிட்டு, பூங்குழலி கரண்டியை எடுத்தாள்.