மடித்து வைத்த மெத்தை

கடைத்தெரு முடியும் இடத்தில் நிற்கும் அந்தப் பெரிய கட்டடம் ஒரு காலத்தில் குதிரைப் படையின் முகாம். பிறகு அரசாங்க ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே மாற்றிய பின் வெகுகாலம் பூட்டிக் கிடந்து, வௌவால்கள் குடித்தனம் நடத்தின. இப்போது அது விடுதி. வரவேற்பறைச் சுவர் முழுக்கக் குதிரைப் படங்கள். ஆஸ்பத்திரிப் படம் மருந்துக்குக்கூடக் கிடையாது. குதிரை செத்தால் பெருமை, மனுஷன் செத்தால் மட்டும் இவர்களுக்கு ஆகாது என்பாள் அத்தை.

அத்தை என் அப்பாவின் அக்கா. ஆஸ்பத்திரி நாட்களில் கீழ்த்தளத்துப் பிரசவ வார்டில் ஆயா. மாமா நுரையீரல் கெட்டு, அதே கட்டடத்தின் மேல்மாடியில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். அவர் போன நேரத்தில் அத்தை கீழே யாருக்கோ வெந்நீர் தூக்கிக்கொண்டிருந்தாள். சேதி கேட்டுப் படியேறி ஓடுவதற்குள் அவரைப் போர்த்திவிட்டார்கள். கடைசி நிமிஷத்தில் பக்கத்தில் இல்லாமல் போனோமே என்று அவள் அழாத நாள் கிடையாது.

விடுதி திறந்ததும் யார் பேச்சையும் கேட்காமல் அங்கே துப்புரவு வேலையில் சேர்ந்தாள். இந்த வயதில் அங்கே போய் ஏன் மாரடிக்க வேண்டும் என்று நான்கூடக் கத்தினேன். அவளுக்கு வேண்டியது அந்த ஜன்னலோர இடம். பழைய வார்டைத் தடுத்து அறைகளாக்கியிருந்தார்கள். ஜன்னல் மட்டும் அதேதான். மேல்மாடியைக் கேட்டு வாங்கினாள். தினமும் அந்த அறையைக் கடைசியாகப் பெருக்கிவிட்டு, கட்டிலின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நிற்பாளாம். அன்றைக்கு நிற்க முடியாத இடத்தில் இப்போதாவது நிற்கிறேனே என்றாள்.

மேலாளர் வேலைக்கு எடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி என்ற பேச்சு வாயில் வந்தால் அன்றோடு வேலை காலி. அத்தை வாயைக் கட்டிக்கொண்டாள். கையைத்தான் கட்ட முடியவில்லை.

வார்டில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போனால் விரிப்பை மட்டும் மாற்றுவார்கள். செத்துப் போனால் மெத்தையைப் பாதியாக மடித்து, மேலே தலையணையைக் குப்புறப் போட்டுவிடுவார்கள். கட்டிலைக் கழுவும்வரை வேறு யாரையும் படுக்க வைக்காதே என்று அதற்கு அர்த்தம். மாமா போன அதே தேதியில், அந்த அறையில் தங்கியிருந்த ஒரு பெரியம்மா காலி செய்துவிட்டுப் போனதும், அத்தை எந்த நினைப்பில் இருந்தாளோ, மெத்தையை அப்படி மடித்து வைத்துவிட்டாள்.

அந்தப் பெரியம்மா மறந்து வைத்த மூக்குக் கண்ணாடியைத் தேடித் திரும்பி வந்தார். கூடவே மேலாளர். கட்டிலைப் பார்த்ததும் பெரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். அத்தையின் போதாத காலம், அவர் ஓய்வு பெற்ற நர்ஸ்.

"இது முன்னாடி ஆஸ்பத்திரியா?" என்று அத்தையிடம் கேட்டார். "இந்தக் கட்டில் இருக்கற இடத்துல யாராவது செத்துருக்காங்களா? நான் ஒண்ணும் பயப்படல, சும்மா சொல்லும்மா."

மேலாளர் கண் கொட்டாமல் அத்தையையே பார்த்தார். வேலை போனால் இந்த அறை வாசலைக்கூட மிதிக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"இல்லம்மா. இங்க யாரும் சாகல," என்றாள்.

மெத்தையை வெயிலில் போட எடுத்ததாகவும் சொல்லிச் சமாளித்தாள். பெரியம்மா நம்பினாரோ இல்லையோ, கண்ணாடியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேலாளர் அத்தையைச் சமர்த்து என்று மெச்சினாராம். அவர் நாசமாய்ப் போக.

அன்று அத்தை சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனவள், தன்னைக் கீழ்த்தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த அறைக்காகப் பொய் சொன்னாயோ அதையே விட்டுக்கொடுத்துவிட்டாயே, உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன்.

"அவரு அங்க சாகலன்னு என் வாயாலயே சொல்லிட்டேன்," என்றாள். "இனிமே அங்க போய் யாருக்காக நிக்கிறது?"