அமாவாசையைக் கழித்து எண்ணிய முடிச்சுகள்

முப்பது வருடமாகக் காஞ்சிபுரத்தில் வக்கீல் தொழில் பார்க்கிறேன். சாட்சி என்றால் காகிதத்தில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஆள் நான். வாயும் கொஞ்சம் நீளம். அந்த வாயை ஒரு நெசவுக்காரம்மா அடைத்த கதை இது.

பிள்ளையார்பாளையத்துக்காரி. புருஷனுக்குச் சரக்குக் கப்பலில் இஞ்சின் அறை வேலை. நடுக்கடலில் கம்பித் தடுப்பைத் தாண்டிக் குதித்துவிட்டான். கூட வேலை செய்தவர் கண்ணால் பார்த்திருக்கிறார். 'தெளிந்த புத்தியோடு தானே செய்துகொண்டது, இழப்பீடு கிடையாது' என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. மனநோய் முற்றித்தான் குதித்தான் என்று நாங்கள் நிரூபித்தால் உண்டு.

எங்கே நிரூபிப்பது? செத்த சேதி வந்த வாரமே அவள் வீட்டார் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்: 'அவருக்கு எந்தக் குறையும் இல்லை, நல்ல புத்தியோடு இருந்தார்.' கீழே அவள் கையெழுத்து. எனக்கு வந்ததே கோபம்!

"ஏம்மா, உன் தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்கினியே?"

"பைத்தியக்காரன் பொண்ணுன்னா நாளைக்கு எவன் சார் கட்டுவான்? மாமியார் சொன்னாங்க, போட்டுட்டேன்." குரல் இறங்கியது. "இப்ப அந்தப் பொண்ணே கேக்குது சார், நம்மள வேணாம்னுதான் அப்பா குதிச்சாரான்னு. நான் இன்னா சொல்றது?"

மறுநாள் ஒரு துணி மூட்டையோடு வந்து, என் மேசையில் இருந்த வழக்குக் கட்டுகளின் மேலேயே ஒரு பட்டுச் சேலையை விரித்தாள். சேதி வந்த அன்று தறியிலிருந்து பாதியில் அறுத்து எடுத்தது.

"சாட்சி கேட்டா சேலை விரிக்கிறியே!" என்றேன்.

அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சேலையின் ஓரத்தில் வரிசையாகச் சிவப்பு நூல் முடிச்சுகள். அன்றன்றைக்கு எவ்வளவு நெய்தோம் என்று தெரிய, வேலை முடிந்ததும் ஒரு முடிச்சுப் போடுவாளாம். அவள் நெய்யும்போதுதான் அவன் தினமும் பேசுவான். போன் தறிச் சட்டத்தில் சாய்ந்திருக்கும்.

"இங்க, தூக்கமே இல்லன்னாரு. இங்க, இஞ்சின் சத்தத்துல யாரோ என் பேரச் சொல்றாங்கன்னாரு. இங்க தொட்டுப் பாருங்க சார். சோத்துல மருந்து வைக்கிறாங்கன்னு கத்திக்கினு இருந்தாரு. பயத்துல என் கை தறிப் பலகைய ஓங்கி ஓங்கி அடிச்சிடுச்சு."

தொட்டேன். அந்த இடம் மட்டும் தடித்து இறுகிக் கிடந்தது. அடுத்த சாணில் துவண்டு போயிருந்தது. அம்மாடி, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு தெளிவான நோய்க்குறிப்பை நான் எந்த ஆஸ்பத்திரிக் காகிதத்திலும் பார்த்ததில்லை.

பதினோராம் முடிச்சில் அவள் விரல் நின்றது. அன்றுதான் கப்பல் அதிகாரியிடம் தூக்க மாத்திரை கேட்டு வாங்கினானாம். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கப்பலில் மருந்துப் பதிவேடு இருக்கும். அதை முழுதாகத் தர மாட்டோம், எந்தத் தேதி என்று சொல்லுங்கள் என்றது கம்பெனி. தை முதல் வெள்ளியன்று நெய்யத் தொடங்கிய சேலை. பதினொன்று எண்ணித் தேதி எழுதினேன். அன்று பதிவே இல்லை என்று பதில் வந்தது.

"உன் சேலைய நம்பி மூக்கு ஒடைஞ்சதுதான் மிச்சம்!" என்று கத்தினேன்.

அவள் காலண்டரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நடுவுல அமாவாச வந்துச்சே சார்! அமாவாசைக்கு எவனாவது தறியில உக்காருவானா? காஞ்சிபுரத்துக்காரர்தானே நீங்க?"

தை அமாவாசை! அன்று நானே என் அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்தவன். வெட்கமாகப் போய்விட்டது.

ஒரு நாள் தள்ளிக் கேட்டோம். பதிவேட்டின் அந்தப் பக்கம் வந்தது. 'ஆறு நாளாகத் தூக்கமில்லை. யாரோ பெயர் சொல்லி அழைப்பதாகச் சொல்கிறார். மாத்திரை கொடுக்கப்பட்டது.' அவ்வளவுதான், கரையில் எந்த டாக்டரிடமும் காட்டவில்லை. அந்தப் பக்கத்தையும் அவள் சொன்னதையும் வைத்து மனநல மருத்துவர் கருத்து எழுதிக் கொடுத்தார். விசாரணையில், மாமியார் பார்த்துக்கொண்டிருக்க, "அந்தக் கடுதாசி பொய். எம் புருஷனுக்குப் புத்தி கெட்டுத்தான் போச்சு" என்று அவள் நிமிர்ந்து சொன்னாள். எனக்கு எழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது.

தீர்ப்பு வந்ததும் பள்ளிச் சீருடையில் இருந்த மகளைக் கையோடு கூட்டி வந்தாள். நான் இழப்பீட்டுப் பகுதியைப் படிக்க ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும் சார். எதனால செத்தாருன்னு எழுதியிருக்குதே, அதப் படிங்க. இவ கேக்கட்டும்."

"'மனநோயின் விளைவாக, தன் செயலை அறியாத நிலையில் இறந்தார்.'"

"இன்னொரு தடவ படிங்க சார்" என்றது பெண். படித்தேன். அது அம்மா பக்கம் திரும்பிச் சொன்னது: "அப்ப அப்பா நம்மள வேணாம்னு போவலமா."