புங்க இலையும் என் வாயும்

எனக்கு வாய் அடங்காது. தொண்ணூறுகளின் பின்பாதியில் ஓர் ஆராய்ச்சி வளாகத்தில் ஆறு மாத வேலை கிடைத்தபோது, அந்த வாயும் விவேக் நகரிலிருந்து என்னோடு பஸ் ஏறி வந்தது. அங்கிருந்த புங்க மரத்தின் இலைகள் காற்றிலிருந்து எவ்வளவு கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன என்று அளப்பதுதான் வேலை. காற்றில் அந்த வாயு இருப்பதே சொற்பம்; ஓர் இலை அதில் எடுப்பது இன்னும் சொற்பம். கருவி என் தோளில் தொங்கும். அதன் குழாய் வெளிக்காற்றை உறிஞ்சி, இலையைக் கவ்வியிருக்கும் சின்னக் கூட்டுக்குள் அனுப்பும். போன காற்றுக்கும் வந்த காற்றுக்கும் உள்ள வித்தியாசம் திரையில் எண்ணாக வரும்.

ஒரு மாதம் அளந்தேன். எண்கள் கூத்தடித்தன. நல்ல வெயிலில் இலை ஒரு நிமிடம் வாயுவை வாங்கியது, மறு நிமிடம் வெளியே விடுவதாகக் காட்டியது. பேராசிரியர் தாள்களைப் புரட்டிவிட்டு, "சனிக்கிழமைக்குள்ள ஒழுங்கா வரலேன்னா மெஷினை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேம்மா" என்றார். வீட்டில் என்னைக் கம்ப்யூட்டர் வகுப்பில் தள்ளக் காத்திருந்தார்கள். எனக்கோ அந்த மரத்தடியை விட்டுப் போக மனமே இல்லை.

"ஏய், ஒழுங்கா வாங்கிக்கோ. என் பொழைப்பைக் கெடுக்காதே" என்று நாள் முழுக்க இலையைத் திட்டினேன்.

வியாழக்கிழமை தொண்டை கட்டிக்கொண்டது. மூக்கையும் வாயையும் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு, பேசாமல் அளந்தேன். எண்கள் அசையாமல் நின்றன. மணிக்கணக்காக இலை வாங்கிக்கொண்டே இருந்தது. சந்தேகம் வந்து துப்பட்டாவை இறக்கி, வராத குரலில் நாலு வார்த்தை திட்டினேன். எண் எகிறியது. குழாயின் வாய் என் மோவாய்க்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக அது உறிஞ்சியது என் மூச்சை.

முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம். பேட்டரி கோளாறு என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பாவம், ஒரு மாதமாக அந்த இலை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நேரே பேராசிரியரிடம் போய் உள்ளதைச் சொன்னேன்.

"அப்போ ஒரு மாசமா உன் மூச்சைத்தான் அளந்திருக்கே."

"ஆமா சார்."

அவர் சிவப்புப் பென்சிலால் எல்லாத் தாள்களிலும் குறுக்கே கோடு போட்டார். நான் கருவியைத் தோளிலிருந்து கழற்றி அவர் மேஜையில் வைத்தேன்.

"குழாயை ஒரு மூங்கில்ல கட்டி உசரமா வை. நாளைலேர்ந்து மறுபடியும் முதல்லேர்ந்து."

"நானா சார்?"

"பின்னே வேற யாரு?" என்று புதுத் தாள்கட்டை என் பக்கம் தள்ளினார்.