என் மாப்பிள்ளையைப் பற்றி வந்த பாட்டு

எனக்கு நிச்சயமான பத்தாவது நாள், என் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளாதே என்று ஒரு பாட்டு வந்தது.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். காலை ஷிப்டுக்குக் காஞ்சிபுரத்திலிருந்து கம்பெனி பஸ் போகும். எனக்குப் பின்சீட்டில் பேக்கிங் செக்‌ஷன்காரர் ஒருவர் உட்காருவார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசியது ஒரே முறை: "மேடம், சாரல் அடிக்குது, ஜன்னல மூடறீங்களா?" மூடினேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் போனிலேயே மெட்டுப் போட்டுப் பாடி இணையத்தில் ஏற்றுகிற ஆள் என்பது அன்றுதான் தெரிந்தது. டிரைவர் அண்ணன் பாட்டைப் போட்டார். "கட்டிக்காத கண்ணு, அவனக் கட்டிக்காத" என்று ஆரம்பித்தது. அவன் வண்டிக்குக் கண்ணாடி இல்லையாம், தலையில் பாதி முடி இல்லையாம், கையெல்லாம் ஊதாவாம். பெயர் எதுவும் இல்லை. ஆனால் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவரைத்தான் நான் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்று, முந்தின வாரம் லட்டு கொடுத்து நானே பஸ் பூராவும் சொல்லியிருந்தேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது தடவை போட்டபோது கூடவே பாடினார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், என் காலும் தாளம் போட்டது.

டீ நேரத்தில் கேன்டீனில் அவரைப் பிடித்தேன்.

"இன்னாபா இது? நாலு நிமிஷம் அவரக் கட்டிக்காதன்னு பாடறீங்க. உங்களக் கட்டிக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லையே?"

கையில் வடையோடு யோசித்தார். "அது செகண்ட் சாங்ல வருது மேடம். இன்னும் மிக்ஸிங் முடியல."

சண்டை போடத்தான் போயிருந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. "அத முடிக்காதீங்க" என்றேன். தலையை ஆட்டினார். பாதி வடையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன், நல்ல பசி.

சாயங்காலம் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது.

"பாட்டு ஒண்ணு சுத்திக்கினு இருக்குது, கேட்டியாமா?"

"கேட்டேங்க."

"என்னத்தான் பாடறான்னு பட்டறையில சொல்றாங்க." போனிலேயே முதல் வரியை முணுமுணுத்துப் பார்த்தார். "டியூன் நல்லா இருக்குது. முடி விஷயமும் கரெக்ட்டு. ஆனா ஊதான்னு பாடறாம்மா. இந்த மாசம் பூரா நான் அரக்கு கலருதான் போட்டுக்கினு இருக்கேன்."

இவரோடு இருந்துவிடலாம் என்று நிஜமாகவே தோன்றியது அப்போதுதான். அதுவரை ஜாதகம் சேர்ந்ததால் சரி என்றிருந்தேன்.

ரிசப்ஷனுக்கு பஸ் மொத்தத்தையும் அழைத்திருந்தேன். பாட்டுக்காரரும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மெல்லிசைக் குழுவிடம் யாரோ சொல்லிவிட, மைக் அவர் கைக்குப் போனது. அதே 'கட்டிக்காத கண்ணு'வை இரண்டு அடி பாடினார். மேடையில் மாப்பிள்ளை உற்சாகமாகக் கைதட்டித் தாளம் போடுவதைப் பார்த்தாரோ என்னவோ, அடுத்த வரி மறந்துபோய் நின்றார். என் வீட்டுக்காரர் மாலையும் கழுத்துமாக இறங்கிப் போய், மைக்கை வாங்கி, என்னைப் பார்த்தே மீதியைப் பாடி முடித்தார். சுருதி கிட்டவே வரவில்லை.

மாமியார் என் காதருகே குனிந்தார். "பாட்டுல வர்ற அந்த மாப்ள யார்மா? அவ்ளோ மோசமா?"